பொடி கலக்காத ஊசி

ஆய்வகத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பிப்பெட்டைத் தவறான தட்டில் வைத்தால் கையைத் தட்டிவிடுவேன் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் பழைய மாணவர்கள் சொல்லி வைப்பார்கள். நான் யார் கையையும் தட்டியதில்லை. ஆனால் இதற்குத் தட்டியிருந்தாலே தேவலை என்று அவர்கள் நினைக்கும்படி பேசியிருக்கிறேன். முட்டைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு மன்னிப்பு என்ற வசதி கிடையாது என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை என் விஷயத்தில் எத்தனை தூரம் தாங்கியது என்பதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதப் பிடிக்கவில்லை.

நான் பார்ப்பது நட்சத்திர மீனின் முட்டைகளை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாறைக் கரைகளில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் எங்களுக்காக நாலைந்து நட்சத்திர மீன்களையும் வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பெண் மீனின் கையில் சின்னதாக ஒரு வெட்டு, உள்ளேயிருந்து ஒரு துணுக்கு. அதைக் கடல்நீரில் அலசினால் கண்ணாடித் தட்டு நிறைய முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் பெரிதாக, தெளிவாக, வட்டமாக ஓர் உட்கரு தெரியும். அந்த வட்டம் தெரிகிறவரை முட்டை தூங்குகிறது என்று அர்த்தம்.

அதை எழுப்ப ஒரு செய்தி வர வேண்டும். நரம்பிலிருந்து கிளம்பும் செய்தி நேராக முட்டையிடம் போவதில்லை. முட்டையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் சின்னஞ்சிறு செல்களிடம் போகிறது. அவை வேறொரு ஹார்மோனைக் கசியவிடும். அது முட்டையின் மேல்தோலில் போய் ஒட்டும். தோலுக்கு உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை, கடைசியில் அதுவரை பூட்டி வைத்திருந்த ஒரு நொதி விடுபடும். கொஞ்ச நேரத்தில் அந்த வட்டத்தின் ஓரம் நெளிந்து, கலங்கி, இல்லாமலே போய்விடும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். இன்றும் அந்த வட்டம் மறைகிறபோது எனக்கு ஒரு பயம் வரும். ஏன் என்று மாணவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் ஆராய்ச்சி ஒரு நிமிடத்தைத் தேடுவது. ஹார்மோனை ஊற்றிவிட்டு ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தட்டை எடுத்து நல்ல கடல்நீரில் கழுவுவோம். சீக்கிரமே கழுவிவிட்டால், முட்டை எதுவுமே காதில் விழாததுபோல மறுபடி தூங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட நிமிடம் தாண்டிவிட்டதென்றால் எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அது தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். முற்றிவிடும். முற்றிய முட்டைக்கு விந்து வந்து சேராவிட்டால் சில மணி நேரத்தில் தானாகச் செத்துப்போகும். திரும்பத் தூங்கப் போக அதற்கு வழியில்லை.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவள் நான்தான். மருந்து எதுவானாலும் முதலில் வெறும் கரைப்பானை எடுக்க வேண்டும். மருந்தில்லாத அந்தத் தண்ணீரை ஒப்பீட்டுத் தட்டில் விட்டு முடித்த பிறகுதான் மருந்துக் குப்பியில் கை வைக்கலாம். வரிசை மாறினால் மருந்து ஒரு துளி ஒட்டிக்கொண்டு போய் ஒப்பீட்டுத் தட்டையே கெடுத்துவிடும், ஒரு மாத வேலை பாழ். 'முதலில் கரைப்பான்' என்று என் கையெழுத்தில் எழுதி சிங்க்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். என் கை அந்த வரிசையை மூளையைக் கேட்காமலே செய்யும். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

என் தங்கை என்னைவிட ஆறு வயது சின்னவள். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்புக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். மூன்றாவது முறைக்காகக் கரமனையில், அக்ரஹாரத் தெருவில் நான் தனியாக இருக்கும் மாடி வீட்டில் வந்து தங்கினாள். வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் நாலு, மொத்தம் ஒன்பது சூல்பைகள், பைக்கு ஒரு முட்டையாக, வளர்ந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். அதே மூச்சில், சூலகத்தில் இனி அதிகம் மிச்சமில்லை, அடுத்த முறை என்று ஒன்றை நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பெண்ணின் முட்டையும் தூங்குவதுதான், அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே. ஒரு வித்தியாசம் உண்டு. நட்சத்திர மீனில் சுற்றியுள்ள செல்கள் 'எழுந்திரு' என்கின்றன. நம்மிடம் அவை ஓயாமல் 'தூங்கு, தூங்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூளையிலிருந்து செய்தி வந்ததும் அந்தப் பேச்சு நிற்கிறது. பேச்சு நின்றதும் முட்டை விழித்துக்கொள்கிறது. இதை ஒருநாள் சாயங்காலம் தங்கைக்கு விளக்கினேன்.

"அப்போ உள்ள யாரோ தாலாட்டிண்டே இருக்கா, அல்லே?" என்றாள். "நிறுத்தினாத்தான் முழிச்சுக்கும்."

அந்தத் தாலாட்டை நிறுத்துவதற்கான ஊசிதான் கடைசி ஊசி. மூளை அனுப்ப வேண்டிய செய்திக்குப் பதில் அது. திங்கட்கிழமை ராத்திரி சரியாக எட்டு மணிக்குப் போட்டால், முப்பத்தாறு மணி நேரம் கழித்து, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முட்டைகள் முற்றி, எடுக்கத் தயாராக இருக்கும். முன்னாலும் எடுக்க முடியாது, ரொம்பப் பின்னாலும் முடியாது. ஊசி போட நர்ஸை வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள்.

"வேண்டாம், எங்கக்கா இருக்கா," என்றாள் தங்கை. "அவளுக்கு இதாக்கும் வேலை. கை தப்பாது."

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதுவரை பத்து நாளாகப் போட்டதெல்லாம் தயாராக நிரப்பி வந்த ஊசிகள். இது மட்டும் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் பொடி, இன்னொன்றில் கரைப்பான். கரைப்பானை உறிஞ்சிப் பொடியில் விட்டு, கரைத்து, மறுபடி உறிஞ்சிப் போட வேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து கொட்டுகிற மழை, கரண்ட் இல்லை. பொடி குளிர்ச்சியிலேயே இருக்கட்டும் என்று ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பையின் கீழே வைத்திருந்தேன். கரைப்பான் வெளியே தட்டில் இருந்தது, பக்கத்தில் சிரிஞ்சும் பஞ்சும். மருந்துச் சீட்டை மூன்று தடவை படித்தேன். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

எட்டு மணிக்குப் போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அவள் படுத்துக்கொண்டு புடவையைத் தளர்த்தினாள். நான் கரைப்பான் குப்பியை உடைத்தேன், உறிஞ்சினேன், சிரிஞ்சைச் சுண்டிக் காற்றை வெளியேற்றினேன், தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளிப் போட்டேன். பஞ்சை வைத்து அழுத்தினேன். முதலில் கரைப்பான். அதற்குப் பிறகு மருந்து என்று கை நீள வேண்டிய இடத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஆச்சா? வலிக்கவே இல்லை, கேட்டியா. முன்னெல்லாம் சுள்ளுன்னு எரியும். உன் கை உன் கைதான்."

மருந்தே இல்லாத தண்ணீர் எப்படி எரியும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஊசியை டப்பாவில் போட்டு மூடினேன். ஏதோ ஒன்று பாக்கி இருப்பதாக ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் காலை தெர்மகோல் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். மதியம் மூன்று மணிக்கு என் ஆராய்ச்சி மாணவி, பாறசாலைப் பக்கத்துப் பெண், அதில் புது ஐஸ் போடுவதற்காகத் திறந்தாள்.

"மேடம், இதுல ஒரு குப்பி கெடக்கு," என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "பொடி அப்படியே இருக்குல்லா. நம்ம ஸ்டாக்கா?"

பார்த்தேன். கழுத்து உடையாமல், வெள்ளைப் பொடி அடியில் கட்டியாகப் படிந்து கிடந்தது. நான் கரைத்துப் போட்டிருக்க வேண்டிய பொடி.

"அது எக்ஸ்ட்ரா," என்றேன். "அங்கேயே வை."

இதில் முதல் பொய் அதுதான். யோசித்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து தானாக வந்தது. மாணவி குப்பியை வைத்துவிட்டுத் தன் தட்டுகளிடம் போனாள். என் முன்னால் சிங்க்குக்கு மேலே என் கையெழுத்து ஒட்டியிருந்தது.

கணக்குப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது மணி நேரம் போயிருக்கிறது. இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னால் இன்று ராத்திரி எட்டு மணிக்கு ஊசியைப் போடச் சொல்வார், ஆபரேஷனை வியாழக்கிழமைக்குத் தள்ளுவார். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். ஒன்பதும் தூங்கிக்கொண்டே இருக்கின்றன, எதுவும் கெட்டுப்போகவில்லை. இதெல்லாம் எனக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். போனை எடுத்து டாக்டரின் எண்ணையும் கொண்டுவந்துவிட்டேன்.

அழுத்தவில்லை. காரணம் வெட்கம். வேறு பெயர் வைத்து எழுதிப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. பதினெட்டு வருஷமாக மற்றவர்களை எதற்காக வறுத்தெடுத்தேனோ அதையே, என் தங்கையின் வயிற்றில் செய்திருக்கிறேன் என்று ஒரு டாக்டரிடம், பிறகு தங்கையிடம், மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவரிடம் என் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு எழவில்லை. அதனால் மூளை வக்காலத்து வாங்கியது. உடம்பே ஒருவேளை தானாகச் செய்தியை அனுப்பியிருக்கலாமே என்றது. உடம்பு அப்படி அனுப்பிவிடாமல் தடுக்கத்தான் ஐந்து நாளாக வேறொரு ஊசி, அதையும் போட்டது நான். இன்று ராத்திரி ஏதோ சத்து ஊசி என்று சொல்லிப் பொடியைக் கரைத்துப் போட்டுவிட்டால் என்ன என்றது. பன்னிரண்டு மணி நேரத்தில் எந்த முட்டையும் முற்றாது என்று எனக்கே தெரியும். ஒவ்வொரு வாதத்தையும் நானே உடைத்தேன். உடைத்தபிறகும் போன் என் கையில் சும்மாதான் இருந்தது.

நாலு மணிக்கு அது அடித்தது. தங்கை.

"அக்கா, வயிறு கனமா இருக்கு. மருந்து வேலை பண்றதுன்னு நெனக்கறேன், அல்லே?"

"ம்."

"வரச்சே ரெண்டு கரிக்கு வாங்கிண்டு வரியா? டாக்டர் நெறைய குடிக்கச் சொன்னா."

சரி என்றேன். கரமனை ஜங்ஷனில் பஸ்ஸைவிட்டு இறங்கி, மழையில் நின்று, அவள் கரிக்கு என்று சொன்ன இளநீர் இரண்டு வாங்கினேன். சீவிக்கொண்டிருந்தவரிடம் வழுக்கை வேண்டாம், தண்ணீர் நிறைய இருப்பதாகப் பார்த்துக் கொடுங்கள் என்றுகூடச் சொன்னேன். படித்துறையில் ஆற்று வெள்ளம் நாலு படி ஏறியிருந்தது. தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடிக்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். அவள் தட்டைக் கழுவி வைத்தாள். மஸ்கட்டுக்கு வீடியோவில் பேசி முடிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் போனில் தன் வயிற்றைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் எட்டு அடித்தது. வியாழக்கிழமை காலை எடுக்க வேண்டுமானால் ஊசி போட அதுதான் கடைசி நேரம். எட்டரைக்கு அவள் விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனால் எழுந்து போகவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். பச்சை கவுனில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். கதவு மூடியதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தன. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். முற்றாத முட்டை சூல்பையின் சுவரை விட்டுப் பிரியாது. ஊசி உறிஞ்சினால் வெறும் நீர்தான் வரும்.

எட்டரை மணிக்கு டாக்டரே முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வலப்பக்கம் ஐந்தையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டேன், ஒரு முட்டைகூட இல்லை என்றார். இடப்பக்கத்தைத் தொடாமல் நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

"இஞ்செக்‌ஷன் சரியாயிட்டு எடுத்தல்லோ?" என்று கேட்டார். சரியாகத்தானே போட்டீர்கள்?

"எட்டு மணிக்கு," என்றேன். "கரெக்டா எட்டு மணிக்கு."

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். அப்படியானால் முட்டைதான் சரியில்லை என்ற முடிவோடு போகிறார். போய் மிச்சம் நாலையும் உறிஞ்சிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியவராது. அவர் கை கதவுப் பிடியில் பட்டது. அந்த விநாடியில் நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டிருக்கவே நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"டாக்டர், பொடி கலக்கலை," என்றேன். "வெறும் தண்ணியைத்தான் போட்டேன்."

பெஞ்சிலிருந்த இரண்டு குடும்பங்களும் என்னைப் பார்த்தன. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உள்ளே போய் அத்தோடு நிறுத்தினார். அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் என் கண்முன்னால் பொடியைக் கரைத்து, குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தங்கைக்குப் போட்டாள்.

அதற்கு முன்னால், மயக்கம் தெளிந்ததும் தங்கை கேட்ட முதல் வார்த்தை, "எத்தனை?"

சொன்னேன். பொடி பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது, என் தப்பு, டாக்டரிடம் சொல்லி இடப்பக்கம் நாலைத் தொடாமல் நிறுத்தியிருக்கிறது என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாள். "நீ வேணும்னா பண்ணின? கை தவறிப் போறது. நாலு பாக்கி இருக்கோன்னோ. அழாதே, அக்கா."

வெள்ளிக்கிழமை இடப்பக்கத்திலிருந்து இரண்டு முட்டைகள் கிடைத்தன. ஒன்று முற்றவில்லை. இன்னொன்று கருவாகி, அதை அவளுக்குள் வைத்தார்கள். இரண்டு வாரம் அவள் என் வீட்டில் மெதுவாக நடந்து, மெதுவாக உட்கார்ந்து, தும்மலுக்குக்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்த இரண்டு வாரமும் நான் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. அப்போதும் அவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் போனில் கேட்டபோது, எங்களுக்கு அதிர்ஷ்டமில்லை என்று மட்டும் சொன்னாள். அவள் எத்தனைக்கெத்தனை நல்லவளாக இருந்தாளோ அத்தனைக்கத்தனை எனக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

மஸ்கட்டுக்குக் கிளம்புகிற அன்று காலை பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு புடவையை வாங்கும்போது, சாதாரணமாக, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தெர்மகோல் பெட்டியை நீ செவ்வாய்க்கிழமை கார்த்தாலயே லேபுக்கு எடுத்துண்டு போயிட்டியே."

"ஆமா."

"புதன்கிழமை ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்போ அது உன்கிட்ட இல்லையே. பொடி அதுக்குள்ளயே இருக்குன்னு அங்க நின்னுண்டு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் அவளும் கேட்டாள் என்று நினைக்கிறேன். என்னால் இன்னொரு பொய் முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன்," என்றேன். "மூணு மணிக்கு."

அவள் கை புடவை மேலேயே நின்றது. மனசுக்குள் எதையோ வரிசைப்படுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"நாலு மணிக்கு நான் உன்னக் கூப்பிட்டேன். கரிக்கு வாங்கிண்டு வரச் சொன்னேன்."

"ஆமா."

"வாங்கிண்டும் வந்தியே, அக்கா."